வெள்ளிக் காசு: அசலா, போலியா?

2025-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. சென்னையில் ஒரு கிராம் வெள்ளி 200 ரூபாயைத் தாண்டியது.

ஒரு கிலோ வெள்ளி 2 லட்சம் ரூபாய்!

அதே மாதத்தில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 டாலரைத் தாண்டியது. 1980-ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட பழைய உச்சம் 45 ஆண்டுகளுக்குப் பிறகு உடைந்தது. டிசம்பரில் விலை அதற்கும் மேலே போயிற்று.

ஜனங்கள் வெள்ளிக் கடைகளை மொய்த்தார்கள். தங்கம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் ஐந்து கிராம், பத்து கிராம் வெள்ளிக் காசாவது வாங்கி வைப்போம் என்று நினைத்தார்கள். உள்நாட்டில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. வெள்ளியில் பணம் போடும் திட்டங்களை நடத்திய சில பரஸ்பர நிதி நிறுவனங்கள், மொத்தமாகப் பணம் வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. அந்த அளவுக்கு நெருக்கடி!

காரணம் என்ன? சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடுகளுக்கு வெள்ளி வேண்டும். மின்சார மோட்டார் கார்களுக்கு வேண்டும். மின் கருவிகளுக்கு வேண்டும். ஆனால் சுரங்கத்தில் வெள்ளியை நினைத்தபடி கூட்டி எடுக்க முடியாது. பெரும்பாலும் செம்பு, ஈயம், துத்தநாகம் தோண்டும்போது கூடவே கிடைப்பதுதான் வெள்ளி. விலை ஏறிவிட்டது என்பதற்காக அது அதிகமாகக் கிடைத்துவிடாது.

விலை ஏறினால் இரண்டு பேருக்குச் சந்தோஷம். ஒருவர், பெட்டியில் பழைய வெள்ளிக் காசு வைத்திருப்பவர். இன்னொருவர், போலிக் காசு செய்யும் பேர்வழி.

பாட்டியின் சுருக்குப் பை

எந்த ஊர்க் கடைத் தெருவிலும் நடக்கக் கூடிய காட்சி இது.

பாட்டி ஒருத்தி சுருக்குப் பையுடன் வெள்ளிக் கடைக்கு வருகிறாள். பையில் 20 ரூபாய்கள். எல்லாம் ராணி தலை, ராஜா தலை போட்ட பழைய ரூபாய்கள். பேத்தியின் படிப்புச் செலவுக்காக விற்க வந்திருக்கிறாள். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மூன்று குவியலாகப் பிரிக்கிறார்.

"பாட்டி, இந்தப் பன்னிரண்டும் நல்ல வெள்ளி. இந்த ஏழும் பாதி வெள்ளிதான். இந்த ஒன்று வெள்ளியே இல்லை."

பாட்டிக்குக் கோபம் வருகிறது.

"என்னப்பா சொல்கிறாய்? என் மாமியார் தன் கையால் கொடுத்தது. அவள் எனக்குப் போலியைக் கொடுப்பாளா?"

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று பாட்டி நினைக்கிறாள். மாமியாரும் ஏமாற்றவில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. 20 ரூபாயும் அசல்தான். சர்க்கார் அடித்த காசுதான். ஆனால் சர்க்காரே வெள்ளியைக் குறைத்துவிட்டது!

1835-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான வெள்ளி ரூபாயை வெளியிட்டது. எடை ஒரு தோலா. அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. மீதி செம்பு. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறியது. வெள்ளி மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு 1938, 1939 ஆண்டுகள் பொறித்த ரூபாய் வரை இதே கணக்குதான்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. வெள்ளி கிடைப்பது கஷ்டமாயிற்று. 1940 முதல் 1945 வரை ஆண்டு பொறித்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான். மீதியில் செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 11.66 கிராம். தலையும் அதே ஆறாம் ஜார்ஜ் தலை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். நடுவே பள்ளமாக ஒரு வேலைப்பாடு ஓடும். கள்ளக் காசு அடிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளி துளிக்கூடக் கிடையாது. முழுக்க நிக்கல். ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் புலி. காந்தத்தைக் காட்டினால் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். பழைய முழு ரூபாயில் 10.69 கிராம் வெள்ளி இருக்கிறது. யுத்த கால ரூபாயில் 5.83 கிராம். கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் காசில் உள்ள வெள்ளியின் மதிப்பு 2,138 ரூபாய். இரண்டாவதில் 1,166 ரூபாய். பாட்டியின் 20 காசும் சுத்த வெள்ளி என்று எண்ணினால் 46,640 ரூபாய் வர வேண்டும். உண்மையில் பையில் இருக்கும் வெள்ளி சுமார் 33,800 ரூபாய்க்குத்தான். நடுவில் கிட்டத்தட்ட 12,800 ரூபாய் வித்தியாசம். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் சண்டை இல்லை. தெரியாமல் போனால், நல்ல கடைக்காரர் மீது சந்தேகம் வரும். மோசமான கடைக்காரர் பன்னிரண்டு நல்ல காசையும் "பாதி வெள்ளி" என்று சொன்னாலும் நம்ப வேண்டி வரும்.

சுதந்திர இந்தியாவும் வெள்ளிக் காசு அடித்தது உண்டு. 1969-ஆம் ஆண்டில் காந்தி நூற்றாண்டு நினைவாக வந்த 10 ரூபாய்க் காசு 15 கிராம் எடை. அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. பல வீடுகளில் அது இன்னும் பூஜை அறையில் இருக்கிறது.

லட்சுமி காசு, காசா?

தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் விற்கும் லட்சுமி, பிள்ளையார் உருவம் போட்ட வெள்ளி வட்டங்களை எல்லோரும் காசு என்றுதான் சொல்கிறார்கள். சட்டப்படி அது காசு அல்ல. சர்க்கார் அடித்தால்தான் காசு. மற்றவை வெள்ளி வில்லைகள். அதில் '999' என்று அடித்திருக்கும். அடித்தவர் யார்? அந்த வில்லையைச் செய்தவரேதான்! அவர் யோக்கியராக இருந்தால் அந்த எண் உண்மை. இல்லாவிட்டால் அது வெறும் எண்.

வெளிநாடுகளில் வேறு ஒரு வழக்கம் இருக்கிறது. சேமிப்பவர்களுக்கென்றே சர்க்கார் சுத்த வெள்ளியில் காசு அடித்து விற்கிறது. இதைப் 'புல்லியன்' காசு என்பார்கள். கடையில் சாமான் வாங்க அல்ல, வெள்ளியாகச் சேர்த்து வைக்க. அமெரிக்காவின் கழுகுக் காசு 1986-இல் வந்தது. கனடாவின் மேப்பிள் இலைக் காசு 1988-இல் வந்தது. பிரிட்டனின் பிரிட்டானியா, ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக், சீனாவின் பாண்டா என்று இன்னும் பல உண்டு. பெரும்பாலும் எடை ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். பாண்டா மட்டும் 2016 முதல் 30 கிராம்.

இந்தக் காசுகளுக்கும் போலி வந்துவிட்டது. அதனால் அந்த நாட்டு நாணயச் சாலைகள் வேலைப்பாட்டைக் கூட்டிக்கொண்டே போகின்றன. கனடா 2014 முதல் காசு முழுவதும் மெல்லிய கதிர்க் கோடுகளைப் போட்டது. மூலையில் கடுகளவு இலை ஒன்று. அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். பூதக் கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும். பிரிட்டானியாவை 2021 முதல் சாய்த்துப் பார்த்தால் ஒரு பூட்டு, திரிசூலமாக மாறித் தெரியும். அமெரிக்கா அதே ஆண்டில் கழுகுக் காசின் விளிம்பில் ஒரு பல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டது. போலி செய்கிறவன் அதைக் கவனிக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை!

வேலைப்பாட்டை இன்றில்லாவிட்டால் நாளை எவனாவது காப்பி அடித்துவிடுவான். அவனால் காப்பி அடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அது வெள்ளியின் கனம்.

ஒரு தம்ளர் தண்ணீர் போதும்

கிரேக்க தேசத்து அறிஞர் ஆர்க்கிமிடீஸ், அரசனின் கிரீடத்தில் கலப்படம் இருக்கிறதா என்று தண்ணீரை வைத்துக் கண்டுபிடித்தார் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் பலரும் படித்திருப்பார்கள். அந்த வித்தையை வீட்டுச் சமையல் அறையிலேயே செய்யலாம். வேண்டியவை மூன்று. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின் தராசு. ஒரு தம்ளர் தண்ணீர். ஒரு முழம் தையல் நூல்.

முதலில் காசைத் தனியாக எடை போட வேண்டும். எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முக்கால் தம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, எடையைப் பூஜ்யமாக்க வேண்டும். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். காசு அடியில் தட்டக் கூடாது. பக்கத்திலும் இடிக்கக் கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெதுவாக ஆட்டி விரட்ட வேண்டும். இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

சுத்த வெள்ளியானால் விடை 10.5-க்கு அருகில் வரும். செம்பானால் 9-க்கு அருகில். பித்தளை, ஜெர்மன் சில்வர் எல்லாம் எட்டரைக்குப் பக்கத்தில். (ஜெர்மன் சில்வர் என்று பெயர்தான். அதில் வெள்ளி கிடையாது.) ஈயமானால் 11.3.

பத்து கிராம் லட்சுமி வில்லையை எடுத்துக்கொள்ளலாம். சுத்த வெள்ளியானால் தராசு 0.95 காட்டும். செம்புக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால் 1.12 காட்டும். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்த எண் மாறாது.

பாட்டியின் காசுகளையும் இப்படிப் பிரித்துவிடலாம். பழைய முழு ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டும். யுத்த கால ரூபாய்க்குச் சுமார் 1.22 காட்டும். தேய்ந்த காசு என்றால் இரண்டு எடையும் சேர்ந்தே குறையும். வகுத்த விடை மாறாது. முழு ரூபாய்க்கு 10.3, பாதி வெள்ளிக்கு ஒன்பதரை.

இந்தச் சோதனையின் அழகு, காசுக்கு ஒரு கீறல்கூட விழாது என்பதுதான். ஒரு குறையும் உண்டு. ஒரு கிராம், இரண்டு கிராம் என்று மிகச் சிறிய காசானால் சின்னத் தராசு சொல்லும் கணக்கை நம்ப முடியாது.

போலி செய்கிறவனின் சங்கடமும் இதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கழுகுக் காசின் அகலம் 40.6 மில்லிமீட்டர். தடிமன் 2.98 மில்லிமீட்டர். அதே 31.1 கிராம் எடைக்குச் செம்பில் செய்தால், காசு ஆறில் ஒரு பங்கு பருத்துப் போகும். அகலத்தைச் சரியாக வைத்தால் தடிமன் மூன்றரை மில்லிமீட்டராகும். தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறையும். ஒன்றை மறைத்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். எடை, அகலம், தடிமன் மூன்றையும் அளக்கிறவரை ஏமாற்றுவது கஷ்டம்.

ஈயத்தைக் கலந்து கனத்தைச் சரிக்கட்டும் கெட்டிக்காரர்களும் இருக்கலாம். அங்கேதான் பழைய நோட்டக்காரர்களின் வழி கை கொடுக்கிறது. அவர்கள் காசைக் கல்லில் சுண்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். வெள்ளி கணீர் என்று நீண்டு ஒலிக்கும். ஈயம் கலந்தது 'டொக்' என்று செத்துப் போகும்.

நம்பக் கூடாத சோதனைகள்

காந்தத்தில் ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி என்கிறார்கள். செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ஒட்டினால் வெள்ளி இல்லை என்று தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஐஸ் கட்டியை வைத்தால் வேகமாக உருகும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் செம்பின் மேலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் உருகும்.

கறுத்துப் போனால் வெள்ளி என்கிறார்கள். முலாம் பூசியதும் கறுக்கும். முலாமும் வெள்ளிதானே!

உரைகல்லில் தேய்த்துத் திராவகம் விடுவது பழைய முறை. லேசாக உரைத்தால் மேல் பூச்சைத்தான் காட்டும். ஆழமாக உரைத்தால் உண்மை தெரியும், காசு பாழாகும். பெரிய கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் இயந்திரம் நல்ல கருவி. அதுவும் மேல் பரப்பைத்தான் ஆழ்ந்து பார்க்கும். கனமான முலாம் அதையும் ஏமாற்றக் கூடும். இயந்திரம் 99.9 என்று காட்டினாலும் தம்ளர் தண்ணீரை ஒதுக்க வேண்டியதில்லை.

அரிய காசு என்று சொல்லி விற்பவர்களிடம் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிகவும் அரிது. சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். போலியும் அதற்குத்தான் அதிகம். இந்தப் போலிகளில் சில நிஜ வெள்ளியிலேயே செய்தவை. தண்ணீர்ச் சோதனையில் தேறிவிடும்! இங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். அச்சில் வார்த்த காசில் எழுத்து மழுங்கியிருக்கும். வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பொடிப் பொடியாகக் குழிகள் இருக்கும். விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும். நாணயச் சாலையில் அடித்த காசில் இவை இரா.

"அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, அவசரமாகப் பணம் வேண்டும்" என்று ஒரு துணி மூட்டையுடன் ஓர் ஆசாமி வருவான். கதை பழையது. ஏமாறுகிறவர்கள்தான் புதியவர்கள். அவன் சொல்வது நிஜமாகவே இருந்தாலும் அந்தக் காசை வாங்கினால் வம்பு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வெள்ளி விலைக்கும் குறைவாக வெள்ளிக் காசு தருகிறேன் என்பவனும் அதே ஜாதிதான். கடைக்குப் போனால் முழு விலை கிடைக்கும் சரக்கை அவன் ஏன் குறைத்து விற்க வேண்டும்?

முத்திரையும் கடனும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் வெள்ளி நகைக்கும் வெள்ளிச் சாமான்களுக்கும் புதிய ஹால்மார்க் முறை வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' என்ற கைபேசிச் செயலியில் அதைப் போட்டால், எந்தக் கடை, என்ன சுத்தம் என்ற விவரம் வரும். தங்கத்துக்குப் போல இதைக் கட்டாயமாக்கவில்லை. விரும்பியவர்கள் செய்துகொள்ளலாம் என்றுதான் தொடங்கினார்கள். முத்திரை இருக்கிறதே என்று திருப்தி அடையாமல், அந்த ஆறையும் செயலியில் போட்டுப் பார்ப்பது நல்லது. முத்திரையையும் போலியாக அடிக்கலாம் அல்லவா?

ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதத்தில் இன்னொரு உத்தரவு போட்டது. வெள்ளி நகை, வெள்ளிக் காசு இவற்றின் மீது கடன் கொடுப்பதற்கு அது விதிகளை வகுத்தது. 2026 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் வங்கிகள் இந்த விதிகளுக்கு வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. ஒருவர் அடகு வைக்கும் வெள்ளி நகை 10 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வெள்ளிக் காசு 500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வெள்ளிக் கட்டி மீது கடன் கிடையாது.

ஆக, இதுவரை பெட்டியில் சும்மா கிடந்த காசு, அவசரத்துக்குக் கடன் வாங்கித் தரும் சொத்தாகிறது. அடகு வைக்கப் போகிற இடத்தில் மதிப்பீட்டாளர் சோதிப்பார். போலி என்று அங்கே தெரிய வந்தால், ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பள்ளிக்கூடச் சம்பளத்துக்கோ நம்பியிருந்த பணம் கைக்கு வராது. வாங்கும் அன்றே சோதிப்பதில் உள்ள லாபம் இதுதான். ரசீதும் வேண்டும். எடை, சுத்தம், கூலி மூன்றும் அதில் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும்.

கூலி என்பதை மறந்துவிடக் கூடாது. வாங்கும்போது வெள்ளி விலையுடன் செய்கூலியும், நூற்றுக்கு 3 ரூபாய் வரியும் சேரும். திருப்பி விற்கும்போது கூலியும் வராது, வரியும் வராது. விலை கொஞ்சமாக ஏறினால் அது இந்த நஷ்டத்தை அடைக்கவே சரியாக இருக்கும். ஏறாமல் இறங்கினால்? 1980 ஜனவரியில் 50 டாலருக்குப் போன வெள்ளி, மார்ச் மாதக் கடைசியில் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. இரண்டே மாதம்! உச்சத்தில் வாங்கியவர்கள் நாற்பத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. கடன் வாங்கி வெள்ளி வாங்குவது குடும்பஸ்தர்களுக்கு ஏற்ற வேலை அல்ல.

தேய்க்காதீர்கள்!

பாட்டி பையை எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்கும் போய்ப் பார்ப்பாள். போகட்டும். போவதற்கு முன் காசுகளை ஆண்டு பார்த்து மூன்று பொட்டலமாகக் கட்டிக்கொள்வது நல்லது. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஏதாவது இருந்தால் அதை உருக்கப் போடக் கூடாது. அந்தக் காசில் ராஜாவின் அங்கியில் ஒரு யானை உருவம் இருந்தது. துதிக்கை சின்னதாகிப் பன்றி மாதிரி தெரிகிறது என்று ஜனங்கள் ஆட்சேபம் சொன்னார்கள். சர்க்கார் அந்தக் காசைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டில் யானையைத் திருத்தி அடித்தது. தப்பிப் பிழைத்த 'பன்றி ரூபாய்'க்குச் சேகரிப்பவர்கள் வெள்ளி விலையைவிட அதிகம் கொடுப்பார்கள்.

விற்கப் போகும் முதல் நாள், காசு அழகாக இருக்கட்டும் என்று புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பது வழக்கம். தேய்த்தால் காசின் மேல் பரப்பு கீறிவிடும். பல வருஷமாகப் படிந்த அந்தக் கறுப்பைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். தேய்த்த பன்றி ரூபாய்க்கும் எடை விலைதான் கிடைக்கும்.